முரசு முழங்கினால் கதவு மூடும்!

பரீட்சையில் ஃபெயிலானால் ஒரு மனிதன் என்னென்ன செய்யலாம்? அப்பா கண்ணில் படாமல் நாலு நாள் மாமா வீட்டில் ஒளிந்துகொள்ளலாம். தாடி வளர்க்கலாம். 'இந்த கவர்ன்மென்ட் உத்தியோகமே நமக்கு ஒத்துவராதுப்பா' என்று டீக்கடையில் தத்துவம் பேசலாம். ரோஷம் இருந்தால் மறுபடி பணம் கட்டி எழுதலாம்.

சீனாவில் ஹுவாங் சாவோ என்று ஒருவர். அரசாங்க உத்தியோகத்துக்கான பரீட்சையைத் திரும்பத் திரும்ப எழுதி, திரும்பத் திரும்பக் கோட்டை விட்டவர். அவர் மேலே சொன்ன எதையும் செய்யவில்லை. ஊருக்குப் போனார். ஆள் சேர்த்தார். பாதி சீனாவைச் சுற்றிவிட்டு, பெரும் படையோடு திரும்பி வந்து, பரீட்சை நடத்திய தலைநகரத்தையே பிடித்து உட்கார்ந்துவிட்டார்! சக்கரவர்த்தி துண்டைக் காணோம், துணியைக் காணோம் என்று ஓடிப்போனார்.

நடந்தது கி.பி. 881, ஜனவரி மாதம். ஊரின் பெயர் சாங்-ஆன். 'நீடித்த அமைதி' என்று அர்த்தம். (ஊருக்குப் பெயர் வைப்பவர்கள் எப்போதும் கொஞ்சம் அவசரப்பட்டுவிடுகிறார்கள்!)

அந்த ஊர் இன்றைக்கும் இருக்கிறது. 1369-ல் மிங் வம்சத்துக்காரர்கள் பெயரை மாற்றிவிட்டார்கள். ஷியான். 'மேற்கின் அமைதி'. ஷான்ஷி மாகாணத்தின் தலைநகர். 2020 கணக்கெடுப்பின்படி ஜனத்தொகை ஏறத்தாழ 1 கோடியே 30 லட்சம். பெய்ஜிங்கும் ஷாங்காயும் நமக்குத் தெரியும். ஆனால், 'சீனா' என்ற சமாச்சாரமே எங்கே சமைக்கப்பட்டது என்று கேட்டால், அடுப்பு இருந்த இடம் ஷியான்தான்.

* * *

ஏன் இந்த இடம்? மேப்பைப் பார்த்தால் புரியும். தெற்கே சின்லிங் மலைத்தொடர், கோட்டைச் சுவர் மாதிரி. வடக்கே வெய் ஆறு. நடுவில் கொழுத்த மண். உள்ளே நுழைய வேண்டுமென்றால் சில கணவாய்கள் வழியாகத்தான் நுழைய வேண்டும். அதனால்தான் இந்தப் பிரதேசத்துக்கே 'கணவாய்களுக்கு நடுவே' என்ற அர்த்தத்தில் குவான்ஜோங் என்று பெயர். சோறும் கிடைக்கும், எதிரியும் சுலபத்தில் வரமாட்டான். ராஜாக்களுக்கு வேறென்ன வேண்டும்? பத்துக்கும் மேற்பட்ட வம்சங்கள் மாறி மாறி இங்கே வந்து கடை விரித்தன.

அவர்களுக்கெல்லாம் முன்னாலேயே, ஆறாயிரம் வருடங்களுக்கு மேல் பழமையான ஒரு கிராமம் இருந்திருக்கிறது. 1953-ல் ஷியானின் கிழக்கு ஓரத்தில் பான்போ என்ற இடத்தில் கண்டுபிடித்தார்கள். குடிசை, பானை, பானை மேல் மீன் படம் எல்லாம் கிடைத்தது. ஊரைச் சுற்றி அகழி வெட்டியிருந்தார்கள். 'நாம உள்ளே, மத்தவன் வெளியே' என்ற பழக்கம் அப்போதே ஆரம்பித்துவிட்டது!

* * *

கி.மு. 246. சின் நாட்டில் 13 வயதுப் பையன் ஒருவன் அரியணை ஏறினான். நம் வீடுகளில் அந்த வயதுப் பையன்கள் சைக்கிள் கேட்டு அடம் பிடிப்பார்கள். இவன் தனக்குக் கல்லறை கட்ட ஆரம்பித்தான்.

கி.மு. 221-ல் மற்ற எல்லா நாடுகளையும் விழுங்கிவிட்டு 'முதல் சக்கரவர்த்தி' என்று பட்டம் சூட்டிக்கொண்டான். சின் ஷி ஹுவாங். எடை, அளவு, எழுத்து, வண்டி அச்சின் அகலம் எல்லாவற்றையும் நாடு முழுக்க ஒரே மாதிரி ஆக்கினான். சாகாமல் இருக்க மருந்து தேடி ஆள் அனுப்பினான். மருந்து வரவில்லை, சாவு வந்தது. கி.மு. 210-ல் டூர் போன இடத்தில் செத்துப்போனான். விஷயம் வெளியே தெரிந்தால் கலாட்டா ஆகும் என்று மந்திரிகள் மறைத்தார்கள். கோடைக்காலம் வேறு. நாற்றம் தெரியாமலிருக்க, கூடவே வண்டியில் கருவாட்டை ஏற்றி ஊர் கொண்டுவந்து சேர்த்தார்கள் என்கிறார் சரித்திர ஆசிரியர் சீமா சியான். உலகத்தையே கட்டி ஆண்டவனுக்குக் கடைசி ஊர்வலம் கருவாட்டு வாசனையோடு!

அதற்கப்புறம் அவனை உலகம் கிட்டத்தட்ட மறந்துவிட்டது. 1974 மார்ச்சில், ஷியானுக்குக் கிழக்கே 35 கிலோமீட்டர் தூரத்தில், மழை இல்லாமல் தவித்த விவசாயிகள் சிலர் கிணறு வெட்டினார்கள். தண்ணீர் வரவில்லை. மண்ணால் செய்த ஒரு தலை வந்தது. மேலும் தோண்டினால் உடம்பு. அப்புறம் ஒரு படையே! ஏறத்தாழ 8,000 சிப்பாய்கள் இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். ஆளுக்கு ஆள் முகம் வேறு, மீசை வேறு, கொண்டை வேறு. டூரிஸ்டுகள் போட்டோ எடுப்பது இவர்களைத்தான்.

இரண்டு விஷயங்களை மட்டும் அவசரத்தில் கவனிக்காமல் வந்துவிடுகிறார்கள்.

ஒன்று, பொம்மைகளின் மேல் குயவர்களின் பெயர் குத்தியிருக்கிறது. 80-க்கும் மேற்பட்ட பெயர்கள் கிடைத்திருக்கின்றன. கலைஞனுக்குக் கௌரவம் என்று நினைத்துவிடாதீர்கள். பொம்மை கோணலாக இருந்தால் யாரை உதைப்பது என்று தெரிய வேண்டுமே, அதற்காக! ஃபைலில் இனிஷியல் போடச் சொல்லும் நம் மேனேஜருக்கு 2,200 வருடம் சீனியர்கள் இருந்திருக்கிறார்கள்.

இரண்டாவது, பக்கத்துக் கிராமம் ஒன்றில் கண்டெடுத்த கல்லறைக் கூட்டம். சக்கரவர்த்தியின் கல்லறையைக் கட்ட 7 லட்சம் பேரை இழுத்து வந்ததாக சீமா சியான் எழுதியிருக்கிறார். அவர்களில் செத்தவர்களை அங்கே புதைத்திருக்கிறார்கள். சில எலும்புக்கூடுகள் மேல் உடைந்த ஓட்டுச் சில்லு வைத்து, அதில் பெயரும் ஊரும் கீறியிருக்கிறார்கள். சிலரது சில்லில் இன்னொரு குறிப்பும் உண்டு. 'கடனுக்காக உழைத்தவன்' என்று. அபராதமோ, வரியோ கட்ட முடியாமல், கழித்துக்கொள்ள வேலைக்கு வந்தவர்கள். ஊர் நூற்றுக்கணக்கான மைல் தள்ளி. கடன் தீர்ந்ததா என்று தெரியாது. ஆள் தீர்ந்துபோனார்.

மாதச் சம்பளத்தில் பிடித்தம் போக மீதியை எண்ணும்போது நாம் சலித்துக்கொள்கிறோம். அந்த ஓட்டுச் சில்லுக்காரர்களுக்கு ஒரு நிமிடம் மௌனமாக நிற்கலாம்.

சக்கரவர்த்தியின் அசல் கல்லறையை இன்னும் திறக்கவில்லை. பாதரசத்தை ஆறாக ஓடவிட்டிருப்பதாகப் பழைய புத்தகம் சொல்கிறது. மண்ணைச் சோதித்தால் பாதரசம் எக்கச்சக்கமாக இருக்கிறது. தவிர, மண் பொம்மைகளை வெளியே எடுத்தபோது காற்றுப் பட்ட சில நிமிடங்களில் வர்ணம் சுருண்டு உதிர்ந்துவிட்டது. 'சரியான டெக்னிக் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்று சீனர்கள் காத்திருக்கிறார்கள். பொறுமைக்குப் பேர் போனவர்கள்.

* * *

சின் வம்சம் அப்பன் போனதும் நாலு வருடத்தில் கவிழ்ந்தது. அடுத்து வந்த ஹான் வம்சம் பக்கத்திலேயே புதுத் தலைநகர் கட்டியது. அதுதான் முதல் சாங்-ஆன்.

இங்கிருந்து கி.மு. 138-ல் ஜாங் சியான் என்ற அதிகாரி அஃபிஷியல் டூர் கிளம்பினார். வடக்கே ஷியோங்னு என்ற குதிரைக்காரக் கூட்டம் ஓயாமல் தொல்லை கொடுத்துக்கொண்டிருந்தது. மேற்கே எங்கோ அவர்களுக்கு ஜென்ம விரோதிகள் இருக்கிறார்களாம். போய்ப் பார்த்துக் கூட்டுச் சேர்ந்து வா என்று சக்கரவர்த்தியின் உத்தரவு. கூட நூறு பேர்.

போகிற வழியிலேயே ஷியோங்னுக்களிடம் மாட்டிக்கொண்டார். பத்து வருடம் சிறை. அங்கேயே கல்யாணம், குழந்தை. தப்பித்து மேற்கே போய்ச் சேர்ந்தால், அந்த ஜென்ம விரோதிகள் நல்ல ஊராகப் பார்த்து செட்டில் ஆகியிருந்தார்கள். சண்டையா, ஆளை விடு என்றுவிட்டார்கள். திரும்பும் வழியில் மறுபடி கைது. கடைசியில் 13 வருடம் கழித்து சாங்-ஆன் வந்து சேர்ந்தார். போன நூறு பேரில் திரும்பியது இரண்டே பேர்!

போன காரியம் அவுட். ஆனால், டூர் ரிப்போர்ட் இருக்கிறதே, அது பிரமாதம். மேற்கே என்னென்ன நாடு, என்ன குதிரை, என்ன சரக்கு என்று அத்தனையும் சொன்னார். இன்றைய ஆப்கானிஸ்தான் பக்கத்துச் சந்தையில் தென்மேற்குச் சீனாவின் துணியையும் மூங்கிலையும் பார்த்திருக்கிறார். 'இது எப்படி இங்கே?' என்று கேட்டதற்கு, இந்தியா வழியாக வந்தது என்று பதில். சீன அரசாங்க ஆவணங்களில் நம் தேசம் தலைகாட்டுவது அந்த ரிப்போர்ட்டில்தான். பட்டுப் பாதை என்று உலகம் கொண்டாடும் வியாபார வழிக்கு அதுவே பிள்ளையார் சுழி.

* * *

இப்போது டாங் காலத்துக்கு வருவோம். சாங்-ஆனின் பொற்காலம்.

582-ல் சுய் வம்ச மன்னர், யூவென் காய் என்ற நிபுணரைக் கூப்பிட்டு, பழைய ஊருக்குத் தென்கிழக்கே புத்தம்புது நகரம் போடச் சொன்னார். 618-ல் வந்த டாங் வம்சம் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. கிழக்கு மேற்காக 9.7 கிலோமீட்டர், வடக்கு தெற்காக 8.6. மொத்தம் 84 சதுர கிலோமீட்டர். நடு வீதியின் அகலம் சுமார் 150 மீட்டர். அதை ரோடு என்று சொல்வதா, மைதானம் என்று சொல்வதா? செஸ் போர்டு மாதிரி கட்டம் கட்டமாக 108 பேட்டைகள். ஜப்பான்காரர்கள் வந்து பார்த்து அசந்துபோய், நாரா, கியோட்டோ இரண்டையும் இந்த பிளானை வைத்தே கட்டினார்கள். உள்ளும் புறமுமாகப் பத்து லட்சம் பேர் இருந்திருப்பார்கள் என்று கணக்கு.

ஒவ்வொரு பேட்டைக்கும் சுவர். சுவருக்குக் கதவு. சாயந்திரம் முரசு 800 தடவை அடிக்கும். அதற்குள் உங்கள் பேட்டைக்குள் போய்விட வேண்டும். அப்புறம் பெரிய வீதியில் யாராவது நடமாடினால் பிரம்படி 20. காலையில் இருட்டு விலகும் நேரத்தில் முரசு 3,000 வரை முழங்கும். கதவுகள் திறக்கும். செகண்ட் ஷோ சினிமாவுக்கு வழியே இல்லாத ஊர்!

ஆனால், சட்டம் எழுதியவர்கள் ஒரு விலக்கும் வைத்திருந்தார்கள். அவசர அரசாங்க வேலை, கல்யாணம், சாவு, உடம்பு சரியில்லை. இந்த மாதிரிக் காரணம் இருந்தால் சீட்டு வாங்கிக்கொண்டு ராத்திரியிலும் வெளியே போகலாம். இந்த விலக்கைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

சந்தை இரண்டு. கிழக்குச் சந்தை பெரிய மனிதர்களுக்கு. மேற்குச் சந்தை வெளிநாட்டுச் சரக்குக்கு. மத்தியானம் முரசு 300 அடித்தால் திறக்கும், அஸ்தமனத்துக்கு முன் மணி 300 அடித்தால் மூடும். சீன மொழியில் 'பொருள்' என்பதற்கு 'கிழக்கு மேற்கு' என்று ஒரு வார்த்தை. இந்த இரண்டு சந்தையிலிருந்துதான் அது வந்தது என்று ஒரு விளக்கம் உண்டு. மேற்குச் சந்தைப் பக்கம் பாரசீகர்கள், சாமர்கண்ட் பக்கத்து சோக்தியர்கள், துருக்கியர்கள் எல்லோரும் கடை போட்டிருந்தார்கள். திராட்சை மது விற்கும் கடைகளில் மேற்கத்திய அழகிகள் பரிமாறினார்கள். கவிஞர்கள் அங்கே அடிக்கடி காணப்பட்டார்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மதங்களுக்கும் கதவு திறந்திருந்தது. 635-ல் சிரியா மரபைச் சேர்ந்த அலோபென் என்ற கிறிஸ்தவத் துறவி வந்து இறங்கினார். அந்தச் செய்தியை 781-ல் கல்லில் வெட்டி வைத்தார்கள். கல்வெட்டு இன்றும் ஷியான் மியூசியத்தில் நிற்கிறது.

அப்புறம் நம் யுவான் சுவாங். ஸ்கூல் புத்தகத்தில் முதுகில் மூட்டையோடு நிற்பாரே, அவர்தான். வெளிநாடு போகத் தடை இருந்த நேரத்தில், பர்மிஷன் வாங்காமல் சாங்-ஆனிலிருந்து நழுவினார். நாளந்தாவில் படித்தார். தெற்கே காஞ்சிபுரம் வரை வந்தார். திராவிட தேசத்தின் தலைநகர், ஜனங்கள் தைரியசாலிகள், கல்வியை மதிப்பவர்கள் என்று குறிப்பு எழுதினார். இலங்கைக்குப் போகும் உத்தேசம் இருந்தது. அங்கே பஞ்சமும் குழப்பமும் என்று கேள்விப்பட்டு, காஞ்சியோடு திரும்பினார். 645-ல் 657 நூல்களோடு சாங்-ஆன் வந்து சேர்ந்தபோது ஊரே திரண்டு நின்றது. 'சொல்லாமல் ஏன் போனாய்?' என்று மெமோ கொடுக்காமல், மொழிபெயர்க்க ஆளும் இடமும் கொடுத்தார் சக்கரவர்த்தி. நூல்களைப் பத்திரமாக வைக்க 652-ல் ஒரு கோபுரம் எழுந்தது. பெரிய காட்டுவாத்துக் கோபுரம். 64 மீட்டர். இன்றைக்கும் ஷியானின் அடையாளம் அதுதான்.

* * *

அந்தக் கோபுரத்துக்கு இன்னொரு உபயோகமும் இருந்தது. பரீட்சை பாஸ் பண்ணியவர்கள் அங்கே போய்ப் பெயர் எழுதுவார்கள்!

'ஜின்ஷி' என்பது உயர்ந்த பரீட்சை. ஆயிரம் பேர் எழுதினால் 20, 30 பேர் தேறுவார்கள். ஐம்பது வயதில் பாஸ் பண்ணினால்கூடச் 'சின்ன வயசிலேயே பாஸ்' என்று சொல்லும் அளவுக்குக் கஷ்டம். கவிஞர் பை ஜுயி 800-ம் ஆண்டில் முப்பது நிறைவதற்குள் தேறினார். அந்த செட்டில் 17 பேர், அதில் இவர்தான் பொடியன். அந்தப் பெருமையைக் கவிதையிலும் சொல்லிக்கொண்டார். சொல்லிக்கொள்ளட்டுமே, நாமாக இருந்தால் தெரு முழுக்க போஸ்டர் ஒட்டியிருப்போம்.

உலகத்தில் பிறப்பைப் பார்க்காமல் படிப்பைப் பார்த்து வேலை கொடுக்க முயன்ற ஆரம்பகால ஏற்பாடுகளில் இது ஒன்று. 'முயன்ற' என்பதை அடிக்கோடு போட்டுப் படியுங்கள். விடைத்தாளில் பெயரை மறைக்கும் வழக்கம் டாங் காலத்தில் வேரூன்றவில்லை. பரீட்சைக்கு முன்பே தன் கவிதைகளை நல்ல பேப்பரில் எழுதி, பெரிய மனிதர்கள் வீட்டு வாசலில் காத்துக் கிடந்து கொடுக்க வேண்டும். அவர் ஒரு வார்த்தை சொன்னால் ரிசல்ட் நிச்சயம். சிபாரிசு இல்லாதவன் அடுத்த வருடமும் வரலாம். அதற்கடுத்த வருடமும் வரலாம்.

நம் ஹுவாங் சாவோவுக்கு சிபாரிசு இல்லை. உப்பு வியாபாரக் குடும்பம். உப்பு அரசாங்க ஏகபோகம் என்பதால், கள்ளத்தனமாகவும் விற்பார்கள். படிப்பு இருந்தது, கவிதை வந்தது, வாளும் சுழற்றுவார். கதவு மட்டும் திறக்கவில்லை.

ஊரும் அப்போது பழைய ஊராக இல்லை. 755-ல் ஆன் லூஷான் என்ற தளபதி கலகம் செய்து மறு வருடம் சாங்-ஆனைப் பிடித்தார். ஓடிப்போகும் வழியில் சக்கரவர்த்தியின் காதலி யாங் குய்ஃபெய்யைச் சொந்தச் சிப்பாய்களே பலி கேட்டு வாங்கினார்கள். 763-ல் திபெத்தியர்கள் இரண்டு வாரம் ஊரைக் கொள்ளையடித்தார்கள். 870-களில் வறட்சி, பஞ்சம், வரி. சாப்பாடு இல்லாதவர்கள் பின்னால் வரத் தயாராக இருந்தார்கள். முன்னால் நிற்க, ஃபெயிலான ஒரு மாணவர் இருந்தார்.

881-ல் சாங்-ஆனுக்குள் நுழைந்த முதல் சில நாட்கள், ஏழைகளுக்குக் காசை வாரி இறைத்தார்கள். அப்புறம் கொள்ளை. நடுவில் அரசாங்கப் படை வந்து ஊரை மீட்டது. ஜனங்கள் சந்தோஷமாக வரவேற்றார்கள். வந்த படையும் கொள்ளையடித்தது! ஹுவாங் சாவோ திரும்ப வந்து, வரவேற்ற குற்றத்துக்காக ஜனங்களை வெட்டித் தள்ளினார். 883-ல் அவரை விரட்டினார்கள், அடுத்த வருடம் செத்தார். அதற்குள் ஊர் பாதி சாம்பல்.

மீதியை முடித்தவர் ஹுவாங் சாவோவிடமிருந்து கட்சி மாறி அரசாங்கத்தில் சேர்ந்த ஜூ வென் என்ற தளபதி. 904-ல் சக்கரவர்த்தியை லுவோயாங்குக்கு இழுத்துப் போனார். ஜனங்களும் கிளம்ப வேண்டும் என்று உத்தரவு. அரண்மனை, வீடு எல்லாவற்றையும் பிரித்து, மரக்கட்டைகளை வெய் ஆற்றில் மிதக்கவிட்டு அனுப்பினார்கள். ஒரு மகா நகரத்தை உத்திரம் உத்திரமாகக் கழற்றி ஆற்றில் விட்ட கதை சரித்திரத்தில் அபூர்வம். மிச்சம் நின்ற ஊர், பழையதில் பதினாறில் ஒரு பங்கு.

சாங்-ஆன் அதற்கப்புறம் சீனாவின் நிரந்தரத் தலைநகராக ஆகவே இல்லை.

* * *

ஆயிரம் வருடத்தைச் சட்டென்று தாண்டலாம். நடுவில் மிங் வம்சம் 1370-களில் ஒரு சுவர் கட்டியது. 13.7 கிலோமீட்டர் சுற்றளவு, 12 மீட்டர் உயரம். மேலே கார் போகலாம் போல அகலம். இப்போது வாடகை சைக்கிள் எடுத்து ஒரு ரவுண்டு வரலாம். 1950-களில் 'இந்தப் பழைய சுவர் எதற்கு, இடித்துவிடலாம்' என்று யோசனை வந்தது. பெய்ஜிங் சுவர் அப்படித்தான் போனது. ஷியானில் எதிர்ப்புத் தெரிவித்துக் காப்பாற்றிவிட்டார்கள். 1961-ல் தேசியச் சின்னம் ஆனது.

அடுத்து, 1936 டிசம்பர் 12. ஜப்பான் மஞ்சூரியாவை விழுங்கி ஐந்து வருடம். சீனத் தலைவர் சியாங் கை ஷேக், 'முதலில் கம்யூனிஸ்டுகளை ஒழிப்போம், ஜப்பானை அப்புறம் பார்ப்போம்' என்று ஷியான் வந்து முகாமிட்டிருந்தார். மஞ்சூரியாவைச் சேர்ந்த இளம் தளபதி சாங் ஷுவேலியாங்குக்கு இது பொறுக்கவில்லை. அவர் அப்பாவைக் கொன்றதே ஜப்பானியர்கள். விடியற்காலையில் தன் தலைவரையே வளைத்தார். சியாங் ராத்திரி உடையோடு ஜன்னல் வழியாகக் குதித்து மலைமேல் ஓடினார். அவசரத்தில் பல்செட்டை அறையிலேயே விட்டுவிட்டார்! பாறை இடுக்கில் பிடித்தார்கள். இரண்டு வாரப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு, கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து ஜப்பானை எதிர்க்க வழி பிறந்தது. கிறிஸ்துமஸ் அன்று விடுதலை.

சாங் செய்த காரியம்தான் விசேஷம். தலைவர் மானத்தோடு ஊர் திரும்பட்டும் என்று, தானும் கூடவே விமானம் ஏறினார். இறங்கியதும் கைது. 50 வருடத்துக்கு மேல் காவல். 1990 வாக்கில்தான் விட்டார்கள். 2001-ல், 100 வயதில், ஹவாயில் காலமானார்.

* * *

இன்றைய ஷியான்? மெட்ரோ ரயில் 2011-ல் ஓட ஆரம்பித்தது. தோண்டினால் ஏதாவது ராஜா கிடைத்துவிடும் ஊரில் சுரங்கம் போடுவது எவ்வளவு பாடு! தொல்பொருள்காரர்கள் பார்த்து முடித்த பிறகுதான் என்ஜினீயருக்கு முறை. விமான நிலையத்தை விரிவாக்கப் போனார்கள், ஆயிரக்கணக்கான பழைய கல்லறைகள்.

1956-ல் ஷாங்காயிலிருந்து ஜியாவோதோங் பல்கலைக்கழகத்தின் பெரும் பகுதி இங்கே குடிபெயர்ந்தது. இன்று ஷியான் ஒரு மாணவர் பட்டணம். சீன விமானப் படையின் ராட்சத சரக்கு விமானம் வொய்-20 இங்கேதான் தயாராகிறது. 2014-ல் சாம்சங் மெமரி சிப் தொழிற்சாலை ஆரம்பித்தது. ஒட்டகம் போன வழியில் இப்போது சரக்கு ரயில். 2013-ல் கஜகஸ்தானுக்கு முதல் வண்டி கிளம்பியது. இன்று வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் மத்திய ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகின்றன. வண்டிகளுக்குப் பெயர் என்ன தெரியுமா? சாங்-ஆன்! 2023 மே மாதம் ஐந்து மத்திய ஆசிய நாட்டு அதிபர்களையும் சீனா அழைத்து உட்கார வைத்தது ஷியானில்தான். 2015-ல் நம் பிரதமர் மோடியை ஷி ஜின்பிங் வரவேற்றதும் இங்கே. ஷியின் பூர்வீகம் இந்த மாகாணம். 2019-ல் மாமல்லபுரத்தில் நடந்தது அதற்குப் பதில் மரியாதை மாதிரி.

சாப்பாட்டு விஷயம் ஒன்று. 'பியாங் பியாங்' என்று பெல்ட் அகலத்தில் ஒரு நூடுல்ஸ். அந்த 'பியாங்'கை எழுத ஐம்பதுக்கும் மேற்பட்ட கோடுகள் இழுக்க வேண்டும். எழுதி முடிப்பதற்குள் நூடுல்ஸ் ஆறிவிடும்!

கதவுக்கு வருவோம். சீனாவில் 'ஹுகோவ்' என்று ஒரு குடும்பப் பதிவு முறை. உங்கள் பதிவு எந்த ஊரில் இருக்கிறதோ அங்கேதான் பிள்ளைக்குப் பள்ளி, வைத்தியச் சலுகை எல்லாம். பெரிய நகரங்கள் லேசில் இடம் தராது. ஷியான் 2017-லிருந்து அதைத் தளர்த்தியது. 2018-ல், காலேஜ் மாணவனா, அடையாள அட்டையும் மாணவர் அட்டையும் காட்டு, வந்து குடியேறு என்றது. லட்சக்கணக்கில் இளைஞர்கள் பதிந்தார்கள். சிபாரிசு தேவைப்படவில்லை.

அதே ஊர், 2021 டிசம்பர் 23 அன்று கதவை மூடியது. கொரோனா. 1 கோடியே 30 லட்சம் பேர் வீட்டுக்குள். முதலில் இரண்டு நாளைக்கு ஒரு முறை வீட்டுக்கு ஒருவர் கடைக்குப் போகலாம் என்றார்கள். பிறகு அதுவும் இல்லை. சிகரெட்டைக் கொடுத்து நூடுல்ஸ் வாங்கினார்கள். யார் எங்கே போகலாம் என்று முடிவு செய்யும் மொபைல் ஆப் இரண்டு தடவை படுத்துவிட்டது. 2022 புத்தாண்டு அன்று, எட்டு மாதக் கர்ப்பிணி ஒருவர் ஆஸ்பத்திரி வாசலில் காக்க வைக்கப்பட்டார். டெஸ்ட் சான்றிதழ் செல்லாது என்றார்களாம். ரத்தப்போக்கு. குழந்தை பிழைக்கவில்லை. அப்புறம் மன்னிப்பு, சஸ்பென்ஷன் எல்லாம் நடந்தது. ஒரு மாதம் கழித்து ஊர் திறந்தது.

ஞாபகத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, டாங் சட்டத்தின் விலக்கு. உடம்பு சரியில்லை என்றால் முரசு அடித்த பிறகும் கதவு திறக்கும். 1,300 வருடத்துக்கு முந்தைய காவல்காரனுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. சீட்டைப் பார்த்துவிட்டுத் தாழ்ப்பாளை நீக்கத் தெரிந்திருந்தது.

சுவர் கட்டுவதும் முரசு அடிப்பதும் எல்லா அரசாங்கத்துக்கும் வரும். யாருக்கு, எப்போது திறந்துவிட வேண்டும் என்பதில்தான் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. திறந்திருந்த நாட்களில் சாங்-ஆனுக்கு யுவான் சுவாங்கும் பாரசீக வியாபாரியும் வந்தார்கள். மூடிய நாட்களில் ஹுவாங் சாவோ வந்தார்.

உங்கள் ஆபீசில் இன்டர்வியூ போர்டில் யாராவது உட்கார்ந்திருந்தால் இந்தக் கடைசிப் பாராவைக் காட்டுங்கள்.

அடுத்த வாரம் வேறு ஊர்!